முகாமில் மெத்தா தியானம்: கிளம்புவதற்கு முன்பிருந்து வீடு திரும்பும் வரை

பௌத்த தியான முகாமுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மூச்சைக் கவனிக்கத் தயாராகித்தான் போகிறார்கள். மெத்தா (பௌத்த நூல்களின் மொழியான பாலியில் நட்பன்பு, நல்லெண்ணம்) என்றால் கடைசியில் எல்லோரும் வாழ்க என்று சொல்லி முடிக்கும் ஒரு பிரார்த்தனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் பல நாட்கள், காலையிலிருந்து இரவு வரை மெத்தாவை மட்டுமே செய்யும் முகாம்கள் உண்டு. அதற்கென்று ஒரு தெளிவான படிவரிசையை சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் விசுத்திமக்கம் என்ற தமது தியான வழிகாட்டி நூலில் எழுதி வைத்திருக்கிறார். அந்த வரிசையை இன்றைய முகாமில் எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெத்தா ஒரு விருப்பம்: இன்னார் நலமாக இருக்கட்டும் என்ற விருப்பம். அதை மனமார நினைப்பது நம் கையில் இருக்கிறது. நெஞ்சு இளகுவதும் கண் கலங்குவதும் நம் கையில் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் முகாமில் அதிகம் சோர்ந்துபோகிறார்கள். "எனக்கு ஒன்றுமே வரவில்லை, என் மனசு வறண்டுவிட்டது" என்று சில நாட்களிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். கீழே வரும் எல்லாவற்றையும் இதை நினைவில் வைத்தே படியுங்கள்.

எந்த முகாம்?

முகாமுக்கு முகாம் மெத்தாவுக்குக் கிடைக்கும் இடம் வேறு. விபஸ்ஸனா ஆசிரியர் எஸ்.என். கோயங்கா (1924–2013) மரபின் 10 நாள் முகாமில் முதல் மூன்று நாட்கள் ஆனாபானா (மூச்சைக் கவனித்தல்), நான்காம் நாளிலிருந்து விபஸ்ஸனா (உடல் உணர்வுகளைக் கவனித்தல்). மெத்தாவைக் கற்பிப்பது பத்தாம் நாளில்தான், மௌனம் விலகும் நேரத்தை ஒட்டி. அங்கே அது பயிற்சியின் கனியாக வருகிறது. மியான்மர் துறவி மகாசி சயாடோ (1904–1982) மரபில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் குறித்துக் கவனிப்பதே மையம். மெத்தா துணைப் பயிற்சி. மியான்மரின் பா-அவுக் மடத்து மரபில் ஆழ்ந்த ஒருமுகப்பாட்டுக்கான பயிற்சிகளில் ஒன்றாக மெத்தாவும் கற்பிக்கப்படுகிறது. இவை தவிர, மெத்தா முகாம் என்றே அறிவித்து நடத்துபவையும் இருக்கின்றன.

மெத்தாவை முறையாகப் பழக வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால் கடைசி வகையைத் தேடுங்கள். ஒரு மரபின் முகாமில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு மரபின் முறையைத் திருட்டுத்தனமாகச் செய்வது வேண்டாம். ஆசிரியர் சொல்லும் திருத்தம் எதுவும் அப்போது உங்களுக்குப் பொருந்தாது.

விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள். மறைக்காமல் எழுதுங்கள். மன அழுத்தத்துக்கோ பதற்றத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் முகாமுக்காக அதை நிறுத்தவே கூடாது. சமீபத்தில் பெரிய இழப்பு நேர்ந்திருந்தால், நீண்ட முகாமை விட இரண்டு மூன்று நாள் முகாம் நல்லது. மௌனத்தில் துக்கம் பல மடங்காகத் தெரியும்.

கிளம்புவதற்கு முன் இரண்டு வாரமாவது தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பழகுங்கள். பாக்கி இருக்கும் வேலைகளை முடித்துவிடுங்கள். அவசரம் என்றால் அழைக்க வேண்டிய முகாம் எண்ணை வீட்டில் கொடுத்துவிட்டால், கைபேசியை ஒப்படைப்பதில் பாதி சிரமம் போய்விடும். தளர்வான உடை, ஒரு போர்வை, பழகிய மெத்தை இருந்தால் அது. புத்தகமும் குறிப்பேடும் வேண்டாம்.

சீலமும் மௌனமும்

முதல் நாள் மாலை ஐந்து அல்லது எட்டு சீலங்களை (ஒழுக்க உறுதிமொழிகளை) ஏற்கச் சொல்வார்கள். எட்டு என்றால் நண்பகலுக்குப் பிறகு திட உணவு இல்லை என்பதும் சேரும். இதை வெறும் முகாம் விதியாகப் பார்க்க வேண்டாம். மெத்தாவுக்கு இது நேரடியாக உதவுகிறது. இரவு அறையில் கொசு காதருகே ரீங்காரமிடுகிறது; கை தானாக ஓங்குகிறது; உயிர்க்கொலை செய்வதில்லை என்று சீலம் ஏற்கும்போது சொன்ன சொல் நினைவுக்கு வந்து கை நிற்கிறது. அன்றைக்கு நீங்கள் மண்டபத்தில் உட்கார்ந்து செய்த எந்த வாக்கியத்தையும் விட அந்த ஒரு நொடி மெத்தாவுக்கு நெருக்கமானது.

மௌனத்தைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். பேசாமல் இருப்பது ஒன்றிரண்டு நாளில் பழகிவிடும், பலருக்கு நிம்மதியாகவே இருக்கும். கண்ணால் பேசுவதையும் சீட்டு எழுதுவதையும் தவிர்ப்பதுதான் கடினம். அதையும் விட்டுவிட்டால்தான் மௌனம் வேலை செய்யும்.

மனம் அமரட்டும்

முதல் நாளோ ஒன்றரை நாளோ மூச்சிலேயே இருங்கள். அதன் பிறகு ஒவ்வோர் அமர்விலும் முதல் பத்து நிமிடம் மூச்சு, அப்புறம் மெத்தா. வெளியுலகின் வேகத்தோடு நேராக மெத்தாவுக்குள் போனால் வாக்கியங்கள் உதட்டளவில் ஓடும்.

உட்காரும் விதத்தில் வீரம் காட்ட வேண்டாம். மெத்தாவுக்கு நேர் எதிரி வெறுப்பு. முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும்போது வளர்வது அதுதான். நாற்காலி வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அசையாமல் உட்காரும் அமர்வு என்று ஆசிரியர் சொன்னால் மட்டும் அதன்படி.

வாக்கியங்கள்

பாலி மரபில் நான்கு விருப்பங்கள் வருகின்றன: பகையின்றி இருத்தல், மனத்துயரின்றி இருத்தல், உடல் துன்பமின்றி இருத்தல், நலமாகத் தன்னைப் பேணிக்கொள்ளுதல். இவற்றை உங்கள் வாய்க்கு வரும் சொற்களில் வைத்துக்கொள்ளுங்கள். "ஆபத்து இல்லாமல் இருங்கள். மனம் நிம்மதியாக இருக்கட்டும். உடல் நன்றாக இருக்கட்டும். வாழ்க்கை இலகுவாகப் போகட்டும்" என்ற அளவில் போதும். ஒருவர் நேரில் வந்து நின்றால் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய சொற்களாக இருக்க வேண்டும். அலங்காரமான சொற்கள் ஒரு நாளில் சலித்துவிடும். முதல் நாளில் தேர்ந்தெடுத்ததை முகாம் முடியும் வரை மாற்றாதீர்கள். சொல்லைச் செதுக்கும் வேலையில் மனம் நுழைந்துவிட்டால் அது திட்டமிடலாகிவிடும்.

ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லுங்கள்; ஒன்றிரண்டு மூச்சு விடுங்கள்; அப்புறம் அடுத்தது. அந்த இடைவெளிதான் முக்கியம். விருப்பம் யாரை நோக்கிப் போகிறதோ அவர் மீது கவனம் நிற்க இடம் வேண்டும். சிலருக்கு முகம் தெளிவாகத் தெரியும், சிலருக்கு அவர் இருக்கிற உணர்வு மட்டும் வரும், சிலருக்கு நெஞ்சின் நடுவில் கவனம் நிற்கும். எது இயல்பாக வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். படம் தெரியவில்லையே என்று வருந்த ஒன்றுமில்லை.

மனம் ஓடிவிட்டதா? ஓடியது தெரிந்ததுமே திரும்புங்கள். ஒரு மணி நேரத்தில் நூறு முறை திரும்பினால் நூறு முறை விருப்பத்தைப் புதிதாக வைத்திருக்கிறீர்கள்.

யாரிடம் தொடங்குவது?

புத்தகோசர் முதலில் தன்னிடமிருந்தே தொடங்கச் சொல்கிறார்: நான் நலமாக இருக்க விரும்புவது போலத்தானே மற்றவர்களும், என்று தன்னைச் சாட்சியாக வைக்க. அதன் பிறகு மதிப்புக்குரிய ஓர் ஆசிரியர் அல்லது நன்மை செய்தவர், பிறகு நெருங்கிய நண்பர், பிறகு நடுநிலையானவர், கடைசியில் பகையானவர்.

தன்னிடம் தொடங்குவது இன்று பலருக்கும் எளிதாக இல்லை. "நான் நிம்மதியாக இருக்கட்டும்" என்றதும் உள்ளே இருந்து "அதற்கு உனக்கு என்ன தகுதி" என்று ஒரு குரல் வரும். அப்படியானால் நன்மை செய்தவரை முதலில் வையுங்கள். நினைத்த மாத்திரத்தில் முகம் மலரச் செய்கிற ஒருவர். அவரோடு சிக்கலான கணக்கு எதுவும் இருக்கக் கூடாது. அவரிடம் விருப்பம் ஓடத் தொடங்கிய பிறகு, அவர் உங்களைப் பார்த்து அதே வாக்கியத்தைச் சொல்வதாக நினையுங்கள். தன்மீதான மெத்தாவுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. தன்னை முழுக்க விட்டுவிட்டு மற்றவர்களிடம் ஓடிவிடாதீர்கள். நாளில் ஓர் அமர்வாவது உங்களுக்கு.

முதல் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் புத்தகோசர் சில எச்சரிக்கைகள் தருகிறார். காம ஈர்ப்பு கிளம்பக்கூடிய ஆளிடம் தொடங்க வேண்டாம். அதற்கு ஒரு கதையும் சொல்கிறார்: அன்புக்குரியவரை நினை என்று ஒரு மூத்த பிக்கு சொன்னதைக் கேட்டு, அமைச்சரின் மகன் ஒருவன் தன் மனைவியை நினைத்து மெத்தா செய்யத் தொடங்கி, இரவு முழுக்கச் சுவரோடு மல்லுக்கட்டினானாம். இறந்தவரிடமும் தொடங்க வேண்டாம் என்கிறார். தன் ஆசிரியரை நினைத்துப் பயின்ற இளம் பிக்கு ஒருவருக்கு மனம் ஒன்றவே இல்லை. விசாரித்தபோதுதான் அந்த ஆசிரியர் இறந்துவிட்டது தெரிந்தது. உயிரோடிருந்த வேறொருவரை நினைத்ததும் ஒன்றியது. பயிற்சியில் இது உண்மையாகவே தெரியும்: மறைந்த அம்மாவையோ அப்பாவையோ நினைத்தால் ஏக்கம்தான் முதலில் வந்து உட்காரும். அவர்களை வேறு வேளையில் நினைத்துக்கொள்ளலாம்.

ஒருவரிடமே ஒரு நாளோ அதற்கு மேலோ இருங்கள். அமர்வுக்கு ஒருவர் என்று மாற்றிக்கொண்டே போனால் எதுவும் ஊறாது.

மிக அருகில் இருக்கும் எதிரி

மெத்தாவுக்கு வெறுப்பு தூரத்து எதிரி என்றும், பற்று பக்கத்து எதிரி என்றும் மரபு சொல்கிறது. வெறுப்பு வந்தால் உடனே தெரிந்துவிடும். பற்று மெத்தாவின் உடையிலேயே வரும். நெருங்கியவரை நினைத்து "நலமாக இருக்கட்டும்" என்று தொடங்கி, சிறிது நேரத்தில் "அவன் படிப்பை முடிக்கட்டும், என்னிடம் பழையபடி பேசட்டும், நான் சொல்வதைக் கேட்கட்டும்" என்று போயிருப்போம். விருப்பத்துக்குள் "என்னிடம்", "எனக்கு" நுழைந்துவிட்டதா என்று பாருங்கள். நெஞ்சு இதமாக இருப்பதற்குப் பதில் இறுகுவதும் ஓர் அடையாளம். கண்டுபிடித்ததும் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் முதல் வாக்கியத்துக்கு வந்துவிடுங்கள்.

யாரோ ஒருவர்

நடுநிலையானவர் என்றால் பிடித்தவரும் இல்லை, பிடிக்காதவரும் இல்லை. முகாமிலேயே அவர் கிடைப்பார்: சாப்பாடு பரிமாறுகிறவர், மண்டபத்தில் இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறவர். பெயர் தெரியாது, குரல் கேட்டதில்லை.

என் பார்வையில் முழுப் பயிற்சியின் இதயம் இந்தப் படிதான். நன்மை செய்தவரிடம் நன்றி துணைக்கு வருகிறது, நண்பரிடம் பாசம் துணைக்கு வருகிறது; இவரிடம் எதுவும் வராது. விருப்பம் மட்டும் தனியாக நிற்க வேண்டும். முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். வாக்கியங்கள் காய்ந்த மாதிரி போகும். விடாதீர்கள். இவருக்கும் இரவில் தூக்கம் வராத நாள் இருந்திருக்கும், இவரும் யாரோ ஒருவரின் நலத்துக்காகக் கவலைப்படுகிறவர், இவரும் வலிக்கக் கூடாது என்றே விரும்புகிறார் என்று இடையிடையே நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் உணவுக்கூடத்தில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, அவர் இடறிவிடக் கூடாதே என்று மனம் தானாகக் கவலைப்படும். அந்த மாற்றம் நிகழ நாளெல்லாம் நேரம் வேண்டும், அதற்காகத்தான் முகாம்.

கடினமான மனிதர்

வாழ்க்கையில் உங்களை மிகவும் காயப்படுத்தியவரை முதலில் கொண்டுவராதீர்கள். எரிச்சலூட்டும் சக ஊழியர், வார்த்தையால் குத்திய உறவினர் என்ற அளவில் தொடங்குங்கள். வன்முறைக்கு ஆளானவர்கள் அந்த ஆளை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டிய கட்டாயமே இல்லை. சேர்ப்பதென்றால் ஆசிரியரிடம் பேசிவிட்டுத்தான். ஒருவர் பகையின்றி நிம்மதியாக இருக்கட்டும் என்று விரும்புவதால் அவர் செய்தது சரி என்று ஆகாது. அவரோடு மீண்டும் பழக வேண்டும் என்றோ, அவர் மீதான புகாரைத் திரும்பப் பெற வேண்டும் என்றோ பொருளில்லை.

கோபம் பொங்கினால் என்ன செய்வது? முதல் வழி, உடனே நண்பரிடமோ நன்மை செய்தவரிடமோ திரும்பி, மனம் இளகிய பிறகு மறுபடி வருவது. இதைத் தயங்காமல் எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். அப்படியும் அடங்காவிட்டால் விசுத்திமக்கம் வேறு வழிகளை அடுக்குகிறது. அவரிடம் உள்ள ஒரு நல்ல குணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். அவரவர் வினை அவரவருக்கே என்று நினைக்கலாம். முடிவில்லாத பிறவிகளில் இவர் ஒரு முறை என் தாயாகவும் இருந்திருப்பார் என்று எண்ணலாம். நான் கோபப்படுவது இவருடைய தலைமயிர் மீதா, எலும்பின் மீதா, எதன் மீது என்று பிரித்துக் கேட்கலாம். எதுவும் பலிக்காவிட்டால் அவருக்கு ஒரு பொருளைப் பரிசாகக் கொடு என்கிறார். முகாமில் அது முடியாது; வீட்டுக்குப் போன பிறகு முடியும். அங்குத்தர நிகாயம் என்ற புத்தர் உரைத் தொகுப்பில் புத்தர் இன்னும் எளிய ஒரு வழியும் சொல்கிறார்: யார் மீது மனத்தாங்கல் எழுகிறதோ அவரைப் பற்றி அப்போதைக்கு நினைக்காமல் விடு. அதுவும் முறையான பயிற்சிதான்.

எல்லையை அழித்தல்

தான், நண்பர், நடுநிலையானவர், பகையானவர் நால்வரிடமும் விருப்பம் ஒரே சீராகப் போகத் தொடங்கும்போது எல்லை அழிகிறது என்பார்கள். இதைச் சோதிக்க விசுத்திமக்கம் ஒரு காட்சியைத் தருகிறது. நீங்கள் நால்வரும் உட்கார்ந்திருக்கும்போது கொள்ளையர்கள் வந்து, பலியிட ஒருவரைக் கொடு என்கிறார்கள். "இவரைக் கொண்டு போ" என்று நினைத்தால் எல்லை அழியவில்லை. "என்னைக் கொண்டு போ, மற்றவர்களை விடு" என்று நினைத்தாலும் அழியவில்லை! நால்வரில் ஒருவரைக்கூடக் கொடுக்க மனம் ஒப்பாதபோதுதான் அழிந்தது. தியாகம் என்ற பெயரில் தன்னை வெறுப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

அதன் பிறகு விருப்பத்தை விரிப்பது. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, இடைத்திசைகள் நான்கு, மேல், கீழ் என்று பத்துத் திசைகளிலும் உள்ள உயிர்கள் அனைத்துக்கும். சிலர் மண்டபம், ஊர், நாடு என்று படிப்படியாக விரிப்பார்கள். குறுகிய முகாமில் இந்தப் படி வரை வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. நடுநிலையானவரிடமே முகாம் முடிந்துபோனாலும் நல்ல முகாம்தான்.

அமர்வுகளுக்கு இடையே

மெத்தாவைப் பற்றிய புத்தரின் உரையான கரணீய மெத்த சூத்திரம் நிற்கும்போதும் நடக்கும்போதும் உட்காரும்போதும் படுத்திருக்கும்போதும், விழித்திருக்கும் வரை இந்த நினைவில் இருக்கச் சொல்கிறது. நடைதியானத்தில் பதினைந்து இருபது அடி தூரத்தில் மெதுவாகப் போய் வாருங்கள். சில அடிகளுக்கு ஒரு வாக்கியம். எதிரே யாராவது வந்தால், நிமிர்ந்து பார்க்காமலே, அவருக்கு ஒரு வாக்கியம். உணவுக்கூடத்திலும் படுக்கையிலும் இதே. இப்படி நாள் முழுக்கத் தொடர்பு அறாமல் இருந்தால் மாலை அமர்வில் மனம் வேகமாக ஒன்றுவதைக் காண்பீர்கள்.

மதியத்துக்கு மேல் தூக்கம் சொக்கும். புத்தரின் முதன்மைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானருக்கு இதே தொல்லை வந்தபோது புத்தர் சொன்ன வழிகள் இன்றும் உதவுகின்றன: காதை இழுத்து விடு, கை கால்களைத் தேய், எழுந்து கண்ணைத் தண்ணீரால் கழுவு, திசைகளைப் பார், நட. எதற்கும் அடங்காவிட்டால் விழிக்கும் நினைவோடு வலப்பக்கமாகப் படு. மெத்தாவில் தூக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கும்: வாக்கியம் தாலாட்டாகியிருக்கும். அப்போது கண்ணைத் திறந்து, சொற்களைக் கொஞ்சம் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

எப்போதோ மறந்துபோன கோபமும் அழுகையும் வரலாம். வெளியே போய்ச் சற்று நடந்து, காலின் தொடுகையைக் கவனித்தால் பெரும்பாலும் தணியும். ஆனால் இரண்டு இரவாகத் தூக்கமே இல்லை, திடீர்ப் பீதி வருகிறது, எல்லாம் நிஜமில்லாதது போலத் தெரிகிறது, தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் எழுகிறது என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. உடனே ஆசிரியரிடமோ சேவகரிடமோ சொல்லுங்கள். முகாமைப் பாதியில் விட்டு வருவதில் குற்றம் எதுவும் இல்லை.

ஆசிரியரைச் சந்திக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். என்ன செய்தேன், என்ன நடந்தது, அதற்கு நான் என்ன செய்தேன் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். "பரவாயில்லாமல் போகிறது" என்பதை வைத்து அவரால் எதையும் திருத்த முடியாது. "கடின மனிதரிடம் வந்ததும் நெஞ்சு இறுகியது, நான் விடாமல் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்" என்றால், திரும்பி நண்பரிடம் போ என்று உடனே சொல்லிவிடுவார்.

வெளியே வந்த பிறகு

மௌனம் விலகியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். தலை சுற்றும். கைபேசியை முடிந்தவரை தாமதமாகத் திறங்கள். மனம் மெல்லிசாக இருப்பதால் வண்டி ஓட்டுவதிலும் அன்றைக்குக் கவனம் வேண்டும்.

முதல் வாரத்தில் பெரிய முடிவுகள் வேண்டாம். பல வருடங்களாகப் பேசாத ஒருவரை உடனே அழைத்து மன்னிப்பைக் கொட்டிவிட வேண்டும் போலிருக்கும். இரண்டு வாரம் பொறுங்கள், அப்போதும் தோன்றினால் அழையுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முகாமைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்துவதை விட, அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேளுங்கள்.

தினமும் இருபது நிமிடம் போதும்: ஐந்து நிமிடம் மூச்சு, மீதி நேரம் உங்களுக்கும் ஒரு நன்மை செய்தவருக்கும் ஒரு நடுநிலையானவருக்கும். வாரத்துக்கு ஒரு நடுநிலையானவரைத் தேர்ந்தெடுங்கள், தினம் கண்ணில் படுகிறவராக இருந்தால் நல்லது. கடின மனிதரை வீட்டுப் பயிற்சியில் எப்போதாவது மட்டும் தொடுங்கள். அடுத்த முகாமுக்குப் போகும்போது, விட்ட இடத்திலிருந்து தொடர நினைக்காமல், மறுபடியும் நன்மை செய்தவரிடமிருந்தே தொடங்குங்கள்.